நீலக் கேனில் நல்ல தண்ணீர்

ஓட்டல் கெட்டிலைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு விமானக் கொட்டகைக்குள் நுழைந்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

“என்னது அது?” என்றான் வாசல் காவலாளி.

“எங்க மதாமோட மகுடம். வழி விடுப்பா.”

மதாம் ஃபெரூஜா கெந்தூஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அல்ஜியர்ஸில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவர். கபீலி மலைக்காரி, பேச்சில் படு கஞ்சம். நான் மிலூத். வர்க்லாவில் பிறந்தவன். சில வருடம் விமான மெக்கானிக்காக இருந்து, மேலதிகாரியிடம் வாயைக் கொடுத்து வேலையை இழந்தவன். அதே வாயைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார் என்றால் அது மதாமின் தலையெழுத்து.

காலையில் ஓட்டல் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “தூ! முந்தாநேத்து ஹத்தா வீட்டுல குடிச்ச டீ எங்க, இது எங்க!” என்று நான் துப்பியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மதாம் தன் கிளாஸையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து கெட்டிலைக் கவிழ்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, “இதை எடுத்துக்க, போலாம்” என்றார். ஏன் எதற்கு என்று கேட்டால் பதில் வராது. எடுத்துக்கொண்டேன்.

விவகாரம் இதுதான். நாங்கள் வந்திருந்த இந்தப் பாலைவன ஊர் ஐன் தல்ஹாவுக்கு ரோடு என்று ஒன்று உண்டு, மணல் அதை விட்டுவைத்தால். மற்றபடி ரிமால் கம்பெனியின் ரெட்டை இஞ்சின் விமானம்தான் ஊருக்குக் கையும் காலும். பெரிய ஜெட் இறங்க இங்கே ஓடுதளம் போதாது. டர்போப்ராப்தான் லாயக்கு. உள்ளே ஜெட் மாதிரியே காற்றை அழுத்தி எரிக்கும், அந்தச் சுழற்சியில் முன்னால் இருக்கிற விசிறியைச் சுற்றும். குட்டை ஓடுதளம், வெயில், சரளைக்கல் எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் வயிற்றுக்குள் அழுக்குச் சேர்ந்தால் தாங்காது. பாலைவனத் தூசியும் உப்பும் உள்ளே இருக்கிற சின்னச் சின்ன தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இஞ்சினை அடிக்கடி குளிப்பாட்ட வேண்டும், அதுவும் உப்பே இல்லாத தண்ணீரில். அந்தத் தண்ணீர் வர்க்லாவிலிருந்து நீலக் கேன்களில் வரும்.

போன மாதம் விமானம் கிளம்பி மேலே ஏறும்போது இடது இஞ்சின் வெடித்த மாதிரி ஒரு சத்தம் போட்டு மூச்சை விட்டது. விமானி எப்படியோ மணலில் இறக்கிவிட்டார். எல்லோரும் பிழைத்தார்கள், லல்லா ஸக்கியா ஒருத்தியைத் தவிர. அவள் இந்த ஊரின் ஒரே மருத்துவச்சி. பாதி ஊர் அவள் கையில் விழுந்துதான் முதல் அழுகை அழுதது. இஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் தகடுகளில் கல் மாதிரிப் படலம். “குழாய்த் தண்ணியில கழுவியிருக்கான், சோம்பேறிப் பய” என்று மெக்கானிக் லஸ்ஹரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். நாளைக்கு வர்க்லா கோர்ட்டுக்கு அனுப்புகிறார்கள். அதோடு அவன் கதை முடிந்தது.

அவன் மனைவி ஹத்தா, அதே கம்பெனியில் தரை துடைக்கிறவள், அல்ஜியர்ஸ் வரைக்கும் பஸ்ஸில் வந்து எங்கள் மேஜைமேல் தலையை வைத்து அழுதாள். “என் புருஷன் கேன் தண்ணியிலதான் கழுவினாரு. எவனோ தண்ணியை மாத்தியிருக்கான். அவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க அக்கா.” அவள் அழுத அழுகையில் மதாம் மறு பேச்சுப் பேசாமல் பெட்டியைக் கட்டிவிட்டார்.

கொட்டகைக்குள் கம்பெனியின் ஊர்ப் பொறுப்பாளர் ஸி புவாலெம் காத்திருந்தார். அத்தர் வாசனை அவருக்கு முன்னால் வந்து கை கொடுத்தது.

“வாங்க மதாம். இன்னும் என்ன பாக்கணும்? அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சே.”

“இஞ்சின்” என்றார் மதாம்.

பிரித்துப் போட்டிருந்த இடது இஞ்சினுக்கு முன்னால் போய் நின்றோம். பல நாள் பட்டினி கிடந்தவன் நெஞ்செலும்பு மாதிரி தகடுகள் வரிசையாகத் தெரிந்தன. வலது இஞ்சினிலும் இதே படலம்தான், இடது முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு நாளில் வந்ததில்லை, மாதக் கணக்கில் ஏறியிருக்கிறது. காற்று போகிற வழி சுருங்கிச் சுருங்கி, ஒரு நாள் இஞ்சினுக்கு மூச்சு முட்டிவிட்டது.

“கெட்டில்” என்றார் மதாம்.

துண்டைப் பிரித்துக் கொடுத்தேன். ஸி புவாலெம் முகத்தைச் சுளித்தார். “காபி வேணும்னா என் ரூம்ல மெஷினே இருக்கு மதாம்.”

மதாம் தன் கொண்டை ஊசியை எடுத்துக் கெட்டிலின் அடியைச் சுரண்டினார். கீழே விரித்த காகிதத்தில் கொஞ்சம் தூள் விழுந்தது. அதே ஊசியால் இஞ்சின் தகடு ஒன்றைச் சுரண்டினார். இன்னொரு காகிதத்தில் கொஞ்சம் தூள்.

“மிலூத், இது என்ன கலர்?”

“கெட்டில் தூளா? செங்கல் கலர். ஓட்டல்காரன் காசை மிச்சம் பிடிச்சு ரொப்புறது குழாய்த் தண்ணி, இந்த ஊர்க் குழாயில இரும்பு ஜாஸ்தி. நாலு நாள் குளிச்சா நாமளே துருப்பிடிச்சிருவோம்.”

“இது?”

“வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி…” என்றவன் வாயை மூடினேன்.

“ஸி புவாலெம், குழாய்த் தண்ணியில கழுவியிருந்தா இதுவும் செவப்பா இருக்கணும்” என்றார் மதாம்.

ஸி புவாலெம் கைக்குட்டையை எடுத்தார். “அப்போ… அப்போ வேற ஏதோ ஒரு தண்ணி. கழுவினது அவன்தானே? கலரைப் பாத்தா கேஸ் நடத்துறாங்க?”

“கேன்ல என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா?”

“கேன்ல கேன் தண்ணிதான் இருக்கும்! கேன் வைக்கிற ஸ்டோர் சாவி என்கிட்ட ஒண்ணு, அவன்கிட்ட ஒண்ணு. நான் பொறுப்பான ஆளு மதாம்.”

“பொறுப்பான ஆளு வெத்துக் கேனையாவது வெச்சிருப்பாரே?”

“எல்லாத்தையும் அன்னிக்கே தூக்கிப் போடச் சொல்லிட்டேன். அபசகுனம்.”

வெளியே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. “மதாம், இந்த அத்தர் பாட்டில்தான் ஆளு! உப்பில்லாத தண்ணின்னா பேட்டரிக் கடைக்காரன் கண்ணுல ஒத்திக்குவான். இவன் கேனை அங்க தள்ளிட்டு வேற தண்ணியை ரொப்பி வெச்சிருக்கான். கேஸ் முடிஞ்சுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒட்டகக் கறி குஸ்குஸ் என் கணக்கு!”

“சரி, பேட்டரிக் கடைக்குப் போ.”

ஊரில் ஒரே ஒரு பேட்டரிக் கடை. கடைக்காரர் கேள்வியைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “தம்பி, அந்தத் தண்ணியை எவனாவது கொண்டாந்தா அவன் கையில முத்தம் குடுப்பேன். இந்த ஊர்ல வண்டிங்க பேட்டரி ஒரு வருஷம் தாண்டுதா? எனக்குக் கெடைச்சதே இல்லை. ரிமால்காரங்ககிட்ட நானே கெஞ்சிப் பாத்துட்டேன். அந்த புவாலெம் ஒரு கிளாஸ்கூட தர மாட்டேன்னுட்டான். கஞ்சப் பய, ஆனா திருடன் கெடையாது.”

என் குஸ்குஸ் போச்சு.

மதாம் கடை வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தண்ணி வண்டி நின்றுகொண்டிருந்தது. ஊர் ஜனம் குடத்தோடும் டப்பாவோடும் வரிசையில் நின்றது. பச்சை டாங்கின்மேல் பெரிசாக எழுதியிருந்தது: நல்ல தண்ணீர்.

“மிலூத், உங்க ஊர்லயும் வண்டித் தண்ணிதானே?”

“ஆமா. குழாய்த் தண்ணி துணிக்கு, வண்டித் தண்ணி வாய்க்கு. நல்ல தண்ணின்னா அதுதான்.”

“அதைக் கொதிக்க வெச்சா கெட்டில்ல என்ன ஒட்டும்?”

“வெள்ளையா…” பச்சை டாங்கைத் திரும்பிப் பார்த்தேன். “அட!”

“குழாய்த் தண்ணி சும்மா வருது. வண்டித் தண்ணியை வரிசையில நின்னு, காசு குடுத்து வாங்கணும். கேன்ல இருந்ததை எடுத்தவன் அதுல எதை ஊத்தி வெச்சிருக்கான்?”

“வண்டித் தண்ணியை.”

“திருடறவன் அப்படிச் செய்வானா?”

நான் தலையைச் சொறிந்தேன். திருடுகிறவன் குழாயைத் திறந்து ரொப்பிவிட்டுப் போவான். இந்த ஆள் இந்த ஊரில் கிடைக்கிற தண்ணீரிலேயே உசத்தியானதை வாங்கி வந்து ஊற்றியிருக்கிறான். அதுவும் மாதக் கணக்கில்.

“என்ன மதாம், திருடிட்டு வட்டியோட திருப்பி வெச்ச மாதிரி இருக்கு.”

“மனசாட்சி உள்ள ஆளு. கெடுதல் பண்றோம்னே தெரியாம பண்ணியிருக்கு” என்றார் மதாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் கோணியது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இந்த அம்மா ஏன் வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தஹ்மான் எங்களைத் தடுக்கவில்லை. “பாருங்க, பேசுங்க. நாளைக்குக் காலையில வண்டி வந்துரும்” என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் வீட்டில் நாலு பிள்ளைகள், நாலும் லல்லா ஸக்கியா பார்த்த பிரசவம்.

லஸ்ஹர் கம்பிக்குப் பின்னால் குந்தியிருந்தான். ஒல்லி உடம்பு. கை மட்டும் பெரிசு, நகத்துக்குள் இன்னும் கிரீஸ்.

“அக்கா, கேன் மூடியைத் திறந்து நான்தான் ஊத்தினேன். என் பொண்ணு தலைமேல சத்தியம். குழாய்ப் பக்கமே நான் போகலை.”

“தெரியும்” என்றார் மதாம்.

அவன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். கண்ணெல்லாம் ஈரம். “தெரியுமா? நம்புறீங்களா?”

“படலம் வெள்ளையா இருக்கு. கேன்ல இருந்தது வண்டித் தண்ணி. யாரோ உப்பில்லாத தண்ணியை எடுத்துட்டு, நல்ல தண்ணியை வாங்கி ஊத்தி வெச்சிருக்காங்க. ரொம்ப நாளா. ஸ்டோருக்குள்ள போய் வர்றவங்கதான் யாரோ.”

லஸ்ஹர் அப்படியே நின்றான். ஏதோ கணக்குப் போடுகிறவன் மாதிரி அவன் உதடு அசைந்தது. பிறகு கம்பியை விட்டான். 

“நான்தான்” என்றான்.

“என்ன நான்தான்?” என்றேன் நான்.

“நான்தான் வண்டித் தண்ணியில கழுவினேன். கேனைத் தூக்கிட்டு வர சோம்பேறித்தனம். எழுதிக்கோங்க. இன்ஸ்பெக்டர்! யா இன்ஸ்பெக்டர்! நான் ஒத்துக்கறேன்!”

“டேய், உனக்கென்ன பைத்தியமா? இப்பதானே பொண்ணு தலைமேல சத்தியம் பண்ணின!”

“போயிடுங்க” என்றான். என்னைப் பார்க்கவில்லை, மதாமைப் பார்த்துத்தான் சொன்னான். “உங்களுக்குப் புண்ணியமாப் போகும் அக்கா. ஊருக்குப் போயிடுங்க. யாரையும் எதையும் கேக்காதீங்க.”

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. “மதாம், எனக்கு ஒண்ணும் புரியலை. விடுதலையைக் கையில குடுக்கறோம், தட்டி விடறான்.”

“அவன் கண்டுபிடிச்சுட்டான்.”

“யாரு செஞ்சதுன்னா?”

“வா. டீ குடிக்கப் போலாம்.”

நேராக ஹத்தா வீட்டுக்குத்தான் போனோம். எங்களைக் கண்டதும் அவள் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். “என்னக்கா, தெரிஞ்சுதா? எவன்?” பின்னாலேயே அவள் பொண்ணு நஸீமா, ஏழு வயசு இருக்கும், கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றது. வெளிறின முகம், இடுப்பில் ஒரு கை.

“முதல்ல டீ போடு” என்றார் மதாம்.

எங்கள் தெற்குச் சீமையில் டீ என்றால் சும்மா இல்லை. உயரத் தூக்கி ஊற்றி, மறுபடி மறுபடி ஆற்றி, கிளாஸின்மேல் நுரை நிற்க வேண்டும். அதற்குத் தலைப்பாகை என்று பெயர். தலைப்பாகை இல்லாத டீயைக் கொடுத்தால் வந்தவனை வாசலிலேயே நிறுத்தின மாதிரி. ஆனால் இந்த ஊர்த் தண்ணீரில் எவ்வளவு ஆற்றினாலும் நுரை வந்த வேகத்தில் படுத்துவிடும். ஊருக்கே அது பழகிப்போச்சு.

ஹத்தா ஊற்றினாள். நுரை விரல் கனத்துக்கு எழுந்தது. எழுந்து அப்படியே நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தாநாள் இதே நுரையைப் பார்த்து, “என்ன கை தங்கச்சி உனக்கு!” என்று பாராட்டிவிட்டு மூன்று கிளாஸ் குடித்தவன் நான். மலைக்காரியான மதாம் அன்றைக்கே கிளாஸை உற்றுப் பார்த்தார். அவர் ஊர் ஊற்றுத் தண்ணீரில் நுரை இப்படித்தான் நிற்கும்.

“என்ன தண்ணி இது ஹத்தா?” மதாமின் குரல் ரொம்ப மெல்லிசாக இருந்தது.

“பிள்ளையோட தண்ணி” என்றாள் ஹத்தா, கூச்சத்தோடு. “உங்களுக்குப் போய் வேற எதைக் குடுக்கறது? என் புருஷனைக் காப்பாத்த இவ்வளவு தூரம் வந்தவங்க.”

“பிள்ளையோட தண்ணின்னா?”

ஹத்தா தலையைக் குனிந்துகொண்டாள். “உங்ககிட்ட மறைச்சுட்டேன் அக்கா. வெக்கமா இருந்துச்சு. நஸீமாவுக்குக் கிட்னியில கல்லு. ராவெல்லாம் கதறுவா. வர்க்லா டாக்டரு, உப்பில்லாத தண்ணி குடுன்னாரு. வண்டித் தண்ணி கூடாதுன்னுட்டாரு. பாட்டில் தண்ணி வாங்க நாங்க யாரு? ஸ்டோர் துடைக்கப் போனப்போ பாத்தேன், கேன்மேல எழுதியிருந்துச்சு, ‘உப்பில்லாத தண்ணீர்’னு. டாக்டர் சொன்ன அதே வார்த்தை. அல்லாஹ்வே காட்டின மாதிரி இருந்துச்சு.”

“எடுத்துட்டு வந்தியா?”

“துடைக்கிற வண்டியில வெச்சு. ஆனா நான் திருடலை அக்கா! ஒரு சொட்டுக் குறையாம திருப்பி வெச்சேன். நல்ல தண்ணியா, வரிசையில நின்னு வாங்கி. குழாய்த் தண்ணியை ஊத்த எனக்கு மனசு வரலை. புருஷன் வேலை பாக்கற இடமாச்சே. இஞ்சினுக்கு என்ன கிட்னியா இருக்கு, அதுக்கு வண்டித் தண்ணியே ஜாஸ்தின்னு நினைச்சேன்.” நிமிர்ந்தாள், கண்ணில் கோபம். “நான் வெச்ச நல்ல தண்ணியைக் கொட்டிட்டு எவனோ குழாய்த் தண்ணியை ரொப்பியிருக்கான். அதனாலதான் நான் அவ்வளவு அடிச்சுச் சொன்னேன். யாருக்கா அவன்?”

  வாழ்க்கையில் முதல் தடவையாக என் நாக்கில் ஒரு கேலியும் இல்லை.

மதாம் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். தன் பையிலிருந்து காகிதத்தில் மடித்த வெள்ளைத் தூளைப் பிரித்துக் காட்டினார். “இது இஞ்சின்ல இருந்து எடுத்தது. உன் வீட்டுப் பழைய கெட்டில்ல என்ன ஒட்டியிருக்கும், பாரு.”

ஹத்தா அடுப்படி மூலையைப் பார்த்தாள். வண்டித் தண்ணீர் கொதிக்கிற பழைய பாத்திரம் அங்கே இருந்தது. உள்ளே வெள்ளை வெளேர் என்றிருந்தது. திரும்பவும் காகிதத்தைப் பார்த்தாள்.

“நல்ல தண்ணின்னு சொல்றது நம்ம நாக்கும்மா. இஞ்சின் சூட்டுக்குத் தண்ணி ஆவியாப் போயிரும். அதுல இருக்கற கொஞ்சநஞ்ச உப்பும் சுண்ணாம்பும் மட்டும் அங்கேயே தங்கிரும். குழாய்த் தண்ணியை யாரும் ஊத்தலை.”

கொஞ்ச நேரம் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அது விளங்குவதை நான் நேராகப் பார்த்தேன், இனி எந்தப் பெண்ணின் முகத்திலும் அப்படி ஒன்றைப் பார்க்கக் கூடாது.

“லல்லா ஸக்கியா…” என்றாள். “இவளை வெளிய எடுத்ததே அவதான். கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. அவதான் ஊதி ஊதி…” வாயில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே இருந்தாள். நஸீமா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தது.

என்ன ஊருடா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும்பு குளிக்க உப்பில்லாத தண்ணீர் லாரியில் வருகிறது. குழந்தை குடிக்க அதைத் திருட வேண்டியிருக்கிறது. இதில் யாரைப் பிடித்து உள்ளே போடுவது?

ஹத்தா எழுந்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டாள். போர்வையைச் சுற்றிக்கொண்டாள். “வாங்க அக்கா. இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லணும். அவரு வீட்டுக்கு வந்துரணும்.”

மதாம் தடுக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. பின்னாலேயே நடந்தார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தஹ்மான் எல்லாவற்றையும் கேட்டார். அவள் விம்மல் இல்லாமல், தெளிவாகச் சொன்னாள். கேன், வண்டி, துடைக்கிற துணிக்கு அடியில் மறைத்தது, எல்லாம். அவர் லஸ்ஹரை வெளியே கூட்டிவரச் சொன்னார்.

“உன் பொண்டாட்டி என்ன சொல்றான்னு கேட்டியா?”

“பொய்” என்றான் லஸ்ஹர். அவளைப் பார்க்கவே இல்லை. “என்னைக் காப்பாத்தக் கதை கட்டுறா. ஸ்டோர்ப் பக்கம் இவ வந்ததே கெடையாது.”

“லஸ்ஹர்!” என்றாள் ஹத்தா.

“வாயை மூடு! புத்தி கெட்டவளே, வீட்டுக்குப் போ!” என்று கத்தினான்.  அவன் அவளிடம் குரலை உயர்த்திப் பேசினதே அன்றைக்குத்தான் என்று பிறகு அவளே சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு ஒண்ணுதான் தெரியணும். புருஷன் சொல்றது நெசம்னா அவன் ஒருத்தன் போவான். பொண்டாட்டி சொல்றது நெசம்னா, ஸ்டோர் சாவி வெச்சிருந்த ஆளு அவன், தண்ணியை மாத்தினவ இவ. ரெண்டு பேரையும் அனுப்பியாகணும். பிள்ளை வர்க்லா காப்பகத்துக்கு. இஞ்சின் கழுவின கேனும் இல்லை, சாட்சியும் இல்லை. மதாம், நீங்க இதைத் தோண்டித் துருவினவங்க. பொய் சொல்ல மாட்டீங்கன்னு அல்ஜியர்ஸ்லயே பேரு. யாரு சொல்றது நெசம்?”

 லஸ்ஹர் மதாமைப் பார்த்தான். ஒரு ஆண் பிள்ளை அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அதுவும் ஒரு வார்த்தை பேசாமல். ஹத்தாவும் மதாமைத்தான் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. உண்மையைக் கண்டுபிடிக்கத் தான் கூட்டிவந்தவள் ஆயிற்றே.

மதாம் ஃபெரூஜா கெந்தூஸ் தன் பையில் கையை விட்டு அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். ஜன்னல் பக்கம் போய் அதைப் பிரித்து வெளியே உதறினார்.

“புருஷன் சொல்றதுதான்” என்றார்.

ஹத்தா அலறவில்லை. ஒரு அடி பின்னால் போனாள், அவ்வளவுதான். லஸ்ஹர் கண்ணை மூடிக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றான். வாழ்நாளில் பாதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒருத்தன் நன்றி சொன்னான். கான்ஸ்டபிள் அவனை உள்ளே கூட்டிப்போனான்.

வாசலில் நான் மதாமின் பக்கத்தில் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. “சரியாத்தான் செஞ்சீங்க மதாம்” என்றேன். எனக்கே அது நிச்சயமில்லை. 

ஹத்தா பின்னால் வந்தாள். சாபம் கொடுப்பாள், காறித் துப்புவாள் என்று நினைத்தேன். கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவள் மதாமுக்கு எதிரே வந்து நின்று, கணக்குக் கேட்கிறவள் மாதிரி, நிதானமாகக் கேட்டாள்.

“வீட்டுல அந்தத் தண்ணி இன்னும் பாதிக் கேன் இருக்கு. சாயந்திரம் அவளுக்கு நோவு வரும், தண்ணி கேப்பா. அதை நான் அவளுக்குக் குடுக்கலாமா, கூடாதா? இதையாவது உண்மையாச் சொல்லுங்க அக்கா.”

 மதாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார்.